கஞ்சி போட்ட சாட்சி

7

வாஷிங் மெஷின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த ரமேஷ்குமாரை எவாஞ்சலின் அக்கா பெருமையோடு பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, எரிந்தது.

அக்கா பாளையங்கோட்டைக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளைம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு முனிர்காவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஏஜென்சி போர்டு மாட்டினார். நான் நரேன். மன்னார்குடியிலிருந்து கலெக்டர் ஆவதற்காக டெல்லிக்கு ரயிலேறியவன். நான்கு முறை பரீட்சை எழுதிவிட்டு, ஆறு வருடமாக அக்காவின் உதவியாளனாக இருக்கிறேன். இந்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு 'பரவாயில்ல' கூட வந்ததில்லை.

ரமேஷ்குமார் வாஷிங் மெஷின் மெக்கானிக். டெல்லியிலேயே பிறந்த சேலத்துக்காரன். போன மாதம் ஒரு வழக்கில் தற்செயலாக எங்களுக்கு உதவினான். அன்றிலிருந்து அக்காவுக்கு அவன்தான் செல்லப்பிள்ளை. இன்று வழக்கையே அவன்தான் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மோட்டார் டீக் மேடம், நல்லாத்தான் ஓடுது. பெல்ட் டீக். கதவு லாக்கும் பராபர்" என்றான் ரமேஷ். "துவைக்குது, அலசுது, பிழியிறப்ப நின்னுடுது. ஏன்னா உள்ள இருக்கிற தண்ணி வெளிய போகல. தண்ணி நின்னா டிரம் சுத்தாது. ஒரே மாசத்துல மூணாவது தடவை தொறக்கறேன். இது மெஷின் கோளாறு இல்ல, யாரோ செய்யற வேலை. அதான் உங்கள கூப்பிடச் சொன்னேன்."

மெஷினின் கீழ் மூலையிலிருந்த மூடியைத் திருகி, ஃபில்டரை வெளியே உருவினான். கொழகொழவென்று பசை மாதிரி ஏதோ அதில் அப்பியிருந்தது. நூலும் அழுக்கும் சேர்ந்து சாம்பல் நிறம். அக்கா ஒரு விரலால் தொட்டு, மோந்து பார்த்து, ஒரு டிஷ்யூ தாளில் தடவினார்.

"கஞ்சி" என்றார்.

"அதான் மேடம், கலஃப். துணிக்குப் போடுவாங்கல்ல."

"உனக்கு என்ன கண்ணு டே ரமேஷ்" என்றார் அக்கா. "நரேனு, பாத்துக்கிட்டியா? இப்படி இருக்கணும்."

"நானும் மண்டி போட்டிருந்தா பாத்திருப்பேன் அக்கா. பேன்ட் அழுக்காகும்னு நின்னுட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டிஷ்யூவை அக்கா பால்கனி ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்து, மேலே ஒரு கிளிப்பைப் போட்டார். மே மாதத்து டெல்லி வெயிலில் அது அப்பளமாகப் பத்து நிமிடம் போதும்.

வீட்டுக்காரி ஜோஸ்லின் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நாகர்கோவில்காரி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சீனியர் நர்ஸ். கணவர் பெயர் பென்சன், மத்திய அரசு வேலை. அதனால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஏழாவது மாடியில் இந்த வீடு. கஞ்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"இந்த வீட்டுல யாரும் கஞ்சி போட்ட துணி உடுத்த மாட்டோம் மேடம். எனக்க யூனிஃபார்ம் பாலியெஸ்டர். அவிய ஆபீசுக்குப் போடுறது தொளதொளன்னு செக் சட்டை. அப்ப எனக்க மெஷின்ல யாருக்க துணி துவைக்குது?"

"யாருன்னு நினைக்கீங்க?"

ஜோஸ்லின் விரலை மேலே காட்டினாள். கர்த்தரைக் காட்டுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

"எட்டாவது மாடி. சுந்தரவல்லி டீச்சர். தனியாத்தான் இருக்காவ. தினமும் காட்டன் சேலை, கஞ்சி போட்டு, மடிப்பு கலையாம. லிஃப்டுல அவியளும் எங்க வீட்டுக்காரரும் சிரிச்சுப் பேசிட்டு நிப்பாவ. என்னைக் கண்டா பேச்சு நின்னுரும்."

"மெஷின் நின்னது என்னிக்கெல்லாம்?"

"மூணு தடவையும் ஞாயித்துக்கிழமை. நான் வாரத்துணிய போடுறப்ப. சனிக்கிழமை எனக்கு டூட்டி, அவியளுக்கு லீவு."

அவள் போனை எடுத்து ஒரு மெயிலைத் திறந்து அக்காவிடம் நீட்டினாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. இன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

"எங்க பெலிக்ஸ் சார் சொல்லித்தான் அப்ளை பண்ணினேன். ஃபிசியோதெரபில இருக்காரு. எப்பவும் டிப்டாப்பா வருவாரு, அவரைப் பாத்துப் படியுங்கன்னு வீட்டுக்காரர்ட்ட சொல்லுவேன். பொறவு இவியள விட்டுட்டுப் போக மனசு வரல. வேண்டாம்னுதான் எழுத இருந்தேன். இப்ப அந்தச் சேலை இங்கதான் துவைக்குதுன்னு தெரிஞ்சா சரின்னு எழுதிட்டுப் போயிருவேன். ஒத்தையாத்தான் போவேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. சொல்லி முடித்ததும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள்.

"வீட்டுக்காரர் எங்க?"

"ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்காவ. வர ஒரு மணி ஆகும்."

அப்போது மணி பதினொன்றரை. ரமேஷ் பால்கனி குழாயில் ஃபில்டரைக் கழுவி மாட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினான். அக்கா ஜோஸ்லினோடு பேசிக்கொண்டிருந்ததால் நான்தான் அவனை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். லிஃப்ட் கதவு மூடும் முன் என் கையில் எதையோ திணித்தான்.

"கழுவறப்ப ஃபில்டர் அடியில இருந்து வந்துச்சு பையா. மேடம்கிட்ட குடுத்துடுங்க. காம் கி சீஸ்."

விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஒரு முனை கூராக இருந்தது. ஆண்களின் சட்டைக் காலர் தொங்காமல் விறைப்பாக நிற்க உள்ளே செருகுவார்களே, அது.

'காம் கி சீஸ்' என்றால் வேலைக்கு உதவும் பொருள். அவன் சொன்னது சரிதான். சேலைக்குக் காலர் கிடையாது. இதை நீட்டினால் எட்டாவது மாடி டீச்சர் மேலிருக்கும் சந்தேகம் அந்த நிமிடமே பாதி கரைந்துவிடும். நீட்டினால் அக்கா என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். 'பாத்தியா டே, ரமேஷ் கண்ணு.' ஒரே காலையில் அந்தக் கண்ணை இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு நானே கண்டுபிடித்ததுபோல் எடுத்து நீட்டலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. அற்பம்தான். அப்போது அப்படித் தோன்றவில்லை.

அக்கா முகத்தை உடனே பார்க்க மனமில்லாமல், கீழே போய் ஒரு டீ குடித்து நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் யாருமில்லை. கதவு திறந்து கிடந்தது. மாடியிலிருந்து ஜோஸ்லின் குரல் கேட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். சுந்தரவல்லி டீச்சரின் வாசலில் ஜோஸ்லின் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்திருந்தார். தடுக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை போலும்.

"உங்க சேலைய துவைக்க எனக்க வீடுதான் கிடைச்சுதா டீச்சர்? எனக்க மெஷின், எனக்க வீட்டுக்காரர், எல்லாம் சனிக்கிழமைக்கு மட்டும் வாடகைக்கா?"

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கஞ்சியில் விறைத்து நின்றது. எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்து, ஒரு பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்தார். டீச்சர் அதைக் கவனித்தார். முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"உள்ள வாங்கோ. வாசல்ல வேண்டாம்."

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு" என்றார் அக்கா. "சேலைக்குக் கஞ்சி எப்படிப் போடுவீங்க?"

டீச்சர் எங்களைக் கூடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார். கடையில் விற்கும் ஸ்டார்ச் பவுடர், மாவாக வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு குளியலறைக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய வாஷிங் மெஷின், சின்னது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

"இந்த வாளியிலதான் முக்குவேன். மெஷின்ல கஞ்சி போட்டா அடைச்சுக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு ஜோஸ்லினைப் பார்த்தார். "உங்க ஆத்துக்காரர் லிஃப்டுல எங்கிட்ட கேட்டது எல்லாம் ஒரே கேள்விதான். சட்டைக்குக் கஞ்சி எப்படிப் போடறதுன்னு. யார்கிட்டயும் சொல்லாதீங்கோன்னார். அதனாலதான் உங்களக் கண்டா நிறுத்திப்பேன். சிரிச்சோம். அது தப்பா?"

ஜோஸ்லின் பாக்கெட்டையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. ஜோஸ்லினும் டீச்சரும் நின்ற அந்தக் கூடத்தில் என் சட்டைப்பை மட்டும் கனத்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் நான் கையை நீட்டியிருந்தால் இந்த வாசலில் யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். அக்கா தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஏழாவது மாடிக்கு இறங்கியதும் நான் பட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"ஃபில்டர்ல இருந்தது. ரமேஷ் எடுத்தான். பதினொன்னரைக்கே குடுத்துட்டான். நான்தான் குடுக்கல."

"ஏன்?" என்றார் அக்கா.

"வயித்தெரிச்சல்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

ஜோஸ்லின் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஆம்பளைச் சட்டைக்க காலர்ல இருக்கிறது. அவிய சட்டையில இது கிடையாது மேடம். நான்தானே மடிச்சு வைக்கேன். அப்ப எவனோ ஒருத்தன் சட்டையவா எனக்க மெஷின்ல துவைக்கியாவ?"

"விஷயம் இப்ப இன்னும் பெரிசாயிடுச்சு" என்றேன். அக்கா முறைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா பால்கனிக்குப் போய் டிஷ்யூ தாளை எடுத்துவந்தார். அது விறைப்பாகக் காய்ந்திருந்தது. கிளிப்பை எடுத்துவிட்டு ஜோஸ்லின் முன்னால் பிடித்தார்.

"என்ன நிறம்?"

தண்ணீரில் இருந்தபோது சாம்பலாகத் தெரிந்தது, இப்போது லேசான செங்கல் நிறத்தில் இருந்தது. நடுவில் பழுப்புத் தவிட்டுத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ரோஸ் மாதிரி இருக்கு" என்றாள் ஜோஸ்லின்.

"டீச்சர் வீட்டுப் பவுடர் வெள்ளை. இந்த பில்டிங்ல பாதிப்பேர் வீட்டுல பாசுமதி, மீதிப்பேர் பொன்னி. எல்லாம் வெள்ளைக் கஞ்சி. ரோஸ் கஞ்சி எந்த அரிசில வரும்னு நாகர்கோவில்காரிக்கு நான் சொல்லணுமாம்மா?"

ஜோஸ்லின் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அலமாரியில் பெரிய டப்பாவில் சிவப்புச் சம்பா அரிசி இருந்தது.

"ஆனா நான் குக்கர்லதான் வைப்பேன் மேடம். கஞ்சி வடிக்கவே மாட்டேன். வடிக்கிற பானை பரண்ல கிடக்கு. வந்த அன்னிக்கு ஏத்தினது."

"நரேனு, ஏறு."

ஸ்டூல் போட்டு ஏறினேன். பரணில் இருந்த பெட்டி, சூட்கேஸ், பழைய மின்விசிறி எல்லாவற்றின் மேலும் டெல்லித் தூசி விரல்கனத்துக்குப் படிந்திருந்தது. அலுமினியப் பானை மட்டும் முன்னால் இருந்தது. பளபளவென்று, துளி தூசி இல்லாமல்.

"சனிக்கிழமை யாரு சமையல்?" என்றார் அக்கா.

"அவியதான். எனக்கு எடுத்து வச்சிருப்பாவ." ஜோஸ்லின் நிறுத்தினாள். "இப்ப ஒரு மாசமா சோறு பொலபொலன்னு இருக்கு. எப்படி இவ்வளவு நல்லா வைக்கியன்னு கேட்டேன். சிரிச்சாவ."

"சோற வடிச்சு கஞ்சிய எடுத்திருக்காரு. எடுத்தத வாளில முக்காம, நேரா மெஷினுக்குள்ள ஊத்தியிருக்காரு. டீச்சர் சொன்னதுல பாதிதான் காதுல விழுந்திருக்கு." அக்கா மணியைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால். "அந்தச் சட்டை வீட்டுல இல்ல. இருந்தா உங்க கண்ணுல பட்டிருக்கும். கஞ்சி போட்டா அடுத்தது என்ன? இஸ்திரி. கீழ வாங்க."

கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பிரஸ்வாலா கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். அக்கா ஃபிளாட் நம்பரைச் சொன்னதும் அவர் தயங்கினார்.

"சாப் நே போலா தா, மேடம் கோ நஹீ திகானா." மேடத்திடம் காட்டக் கூடாது என்று வீட்டு ஐயா சொல்லியிருக்கிறாராம். அதைச் சொன்னதே மேடத்திடம்தான் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகப் புரிந்தது. புரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார்.

அதற்குள் மூன்று புதுச் சட்டைகள் இருந்தன. மூன்றும் வெள்ளை. அதாவது, வாங்கும்போது வெள்ளை. இப்போது முதுகிலும் கையிலும் திட்டுத் திட்டாக ரோஸ், அம்மை போட்ட மாதிரி. ஒரு சட்டை அட்டைபோல் விறைத்திருந்தது, இன்னொன்று ஒரு பக்கம் மட்டும் விறைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றின் காலருக்குள்ளும் பிரஸ்வாலா மையால் எழுதிய ஜோஸ்லின் வீட்டு நம்பர் இருந்தது. ஒரு காலரில் ஒரு பக்கப் பட்டை இல்லை. அக்கா வீட்டிலிருந்து எடுத்துவந்த பட்டையைச் செருகினார். சரியாக உட்கார்ந்தது.

"இது அவியளுக்க அளவு" என்றாள் ஜோஸ்லின். "நாப்பத்திரெண்டு. ஆனா எதுக்கு எங்கிட்ட மறைக்கணும்?"

அந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து பென்சன் இறங்கினார். ஒரு கையில் மீன் பை, மறு கையில் கறிவேப்பிலை. நல்ல உயரம், கொஞ்சம் தொப்பை, தொளதொளப்பான செக் சட்டை. மேஜை மேல் விரித்திருந்த சட்டைகளைப் பார்த்ததும் திரும்பி ஆட்டோவில் ஏறிவிடலாமா என்று யோசித்தது அவர் காலில் தெரிந்தது. ஆட்டோ போய்விட்டது.

"ஜோசி" என்றார். "அது வந்து..."

"யாருக்காக இந்த அலங்காரம்?" ஜோஸ்லின் குரல் உடைந்தது. "சொல்லுங்க. ரெண்டு மணிக்கு நான் ஒரு மெயில் அனுப்பணும்."

பென்சன் மீன் பையைக் கை மாற்றிப் பிடித்தார். அக்காதான் கேட்டார், ஜோஸ்லினிடம்.

"உங்க பெலிக்ஸ் சார் சட்டைக்குக் கஞ்சி போடுவாரோ?"

ஜோஸ்லின் விறைத்துக் கிடந்த சட்டையின் காலரைத் தொட்டாள். என்ன சொன்னோம், எத்தனை தடவை சொன்னோம் என்று அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது.

"ராத்திரிச் சாப்பாட்டுல பெலிக்ஸ் சார் சட்டை. சர்ச்சுக்குப் போறப்ப பெலிக்ஸ் சார் காலர்" என்றார் பென்சன், மீன் பையைப் பார்த்துக்கொண்டே. "கஞ்சி போட்டு கத்தி மாதிரி நிக்குமாம். அவரைப் பாத்துப் படியணுமாம். பொறவு அவரு சொல்லி அயர்லாந்து. எனக்கு எரிஞ்சுது ஜோசி. உன்னைச் சந்தேகப்படல. அந்தச் சட்டையப் பாத்துதான் எரிஞ்சுது. ஒரு தடவ அதே மாதிரி உடுத்திட்டு உங்க ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கணும்னு நினைச்சேன். மூணு தடவையும் இப்படி ஆயிட்டு. உள்ள ஊத்தக் கூடாதுன்னு எனக்கெங்க தெரியும்?"

பிரஸ்வாலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜோஸ்லின் அந்த ஒருபக்கத் தோள் தூக்கிய சட்டையை எடுத்து, கணவரின் மார்பில் வைத்து அளவு பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"நான் உங்களையும் டீச்சரையும் சேத்து வச்சு ஒரு மாசமா வெந்துட்டு இருக்கேன். நீங்க சோறு வடிச்சிட்டு இருந்தியளா?"

ஒன்றரை மணிக்கு, மரத்தடியிலேயே நின்று மெயில் எழுதினாள். சரி என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. கணவருக்கும் சேர்த்து விசா கிடைக்குமா, அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் அவகாசம் தருவீர்களா என்று கேட்டிருந்தாள்.

"அங்க குளிரு" என்றாள் பென்சனிடம். "எல்லாத்துக்கும் மேல ஸ்வெட்டர்தான். எவன் சட்டையும் வெளிய தெரியாது."

அதன்பிறகு எட்டாவது மாடிக்குப் போனோம், ஜோஸ்லினும் நானும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர்தான். ஜோஸ்லின் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் பட்டையை ஒளித்ததைச் சொன்னேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதிர்வீட்டு அம்மாளிடமும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார், ஹிந்தியில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். டீச்சர் பிறகு ஸ்டார்ச் பவுடர் பாக்கெட்டை ஜோஸ்லினிடம் கொடுத்தார். வாளியையும் கொடுத்தார்.

முனிர்காவுக்குத் திரும்பும் ஆட்டோவில் அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். வாட்ஸப்பில் ஒரு படம். ரமேஷின் உள்ளங்கை, அதில் காலர் பட்டை. 'நரேன் பையா கிட்ட குடுத்துட்டேன் மேடம்.' நேரம் பதினொன்று முப்பத்து நாலு.

"டீச்சர் வீட்டுலதான் இதப் பாத்தேன்" என்றார். "உன் மூஞ்சியையும் பாத்தேன். நீயா எடுத்து வைக்கியான்னு பொறுத்தேன். வைக்கலன்னா நாளைக்கு வராதன்னு சொல்லியிருப்பேன்."

"வச்சுட்டேனே."

"அந்தப் பயலுக்கு போன் போடு. அவன் குடுத்ததுதான் சரியா உக்காந்துச்சுன்னு சொல்லு."

ரமேஷை அழைத்தேன். பின்னணியில் ஏதோ ஒரு மெஷின் தடதடவென்று பிழிந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்லி, தாமதமாகக் கொடுத்ததையும், ஏன் என்பதையும் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஒரு விஷயம் சொல்லட்டுமா பையா? ஒவ்வொரு தடவையும் மேடம் எங்கிட்ட என்ன சொல்வாங்க தெரியுமா? 'நரேன் வரட்டும், அவன் இத ரெண்டு நிமிஷத்துல பிடிச்சுடுவான்'னு. உங்க பேரைக் கேட்டாலே எனக்கு எரியும்."

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் முன்னால் குனிந்து, ஆட்டோக்காரருக்கு முனிர்காவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று விலாவாரியாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். தான் முனிர்காவிலேயே பிறந்தவன் என்று ஆட்டோக்காரர் நாங்கள் ஏறும்போதே சொல்லியிருந்தார்.